அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிப் போய் புலாஸ்கி கோட்டையைப் பார்ப்பது வீண் அலைச்சலா?

வீண் இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், சனி ஞாயிறுக்கு எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். 'அமெரிக்காவில் ஏது வரலாறு, வெறும் செங்கல் சுவர்தானே' என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். என் அப்பா முப்பது வருடம் செங்கல் சூளை வைத்திருந்தவர்.

போன முறை அவர் வந்தபோது அங்கே கூட்டிப் போனேன். ஜார்ஜியா மாநிலத்தில் சவானா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், காக்ஸ்பர் தீவில் இருக்கிறது. 1814-ல் பிரிட்டிஷ் படை கடல்வழியாக வந்து வாஷிங்டனையே கொளுத்திவிட்டுப் போன பிறகு, கரையோரம் முழுக்கக் கோட்டை கட்டக் கிளம்பினார்கள். அதில் ஒன்று இது. 1829-ல் தொடங்கி 1847 வரை வேலை நடந்தது. சுவர் ஏழரை அடி கனம். மொத்தம் இரண்டரைக் கோடி செங்கல் என்றதும் அப்பா நின்றுவிட்டார். "நம்ம சூளையில வருஷத்துக்கு எட்டு லட்சம் கல்லுப்பா. முப்பது வருஷம் வேக வெச்சாலும் பத்தாது" என்றார்.

அகழியைச் சுற்றி நடந்தோம். தென்கிழக்கு மூலை வந்ததும், "இங்க மட்டும் வேற சூளைக் கல்லு" என்றார். அந்த இடம் சிவப்பாக இருக்கிறது, மற்ற சுவர் மங்கிய பழுப்பு. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடிமை முறையை வைத்து வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் உடைந்த மூலை அதுதான்.

1862 ஏப்ரல் 10 காலையில், எதிரே டைபி தீவிலிருந்து வடக்குப் படை சுட ஆரம்பித்தது. ஒரு மைலுக்கு மேல் தூரம். அவ்வளவு தொலைவிலிருந்து இந்தச் சுவரை எந்தப் பீரங்கியும் ஒன்றும் செய்யாது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் கில்மோர் என்ற பொறியாளர், குழலின் உள்ளே சுருள்வரி வெட்டிய புதுவகைப் பீரங்கிகளைக் கொண்டுவந்திருந்தார். குண்டு சுழன்று போய்த் துளைக்கும். முப்பது மணி நேரத்தில் மூலை திறந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் குண்டுகள் வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் விழ ஆரம்பித்ததும், உள்ளே இருந்த தெற்குப் படைத் தளபதி ஓம்ஸ்டெட் சரணடைந்தார். பதினெட்டு வருட உழைப்பு ஒன்றரை நாள்கூடத் தாங்கவில்லை. செங்கல் கோட்டைகளின் காலம் அத்தோடு முடிந்தது. உள்ளே புகுந்த வடக்குப் படை அந்த மூலையைப் புதுக் கல் வைத்து அடைத்தது. அப்பா பார்த்தது அதைத்தான்.

"கல்லு யார் அறுத்தது?" என்று கேட்டார். பழுப்புக் கல்லில் பெரும்பகுதி பக்கத்திலேயே ஒரு பண்ணையில், அடிமைகள் கையால் அறுத்துச் சுட்டது என்றேன். ஒரு கல்லில் விரல் பட்டது போல சின்னப் பள்ளம் இருந்தது. அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார். சுடாத பச்சைக்கல்லைத் திருப்பிப் போடும்போது இப்படித்தான் பதியும் என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. எங்கள் சூளையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து தங்கி, பிள்ளைகளையும் வைத்துக் கல் அறுத்தவர்கள் உண்டு. உடனே 'உங்கள் அப்பாவும் பண்ணையாரும் ஒன்றா' என்று யாராவது கேட்பீர்கள். ஒன்றில்லை. அப்பா யாரையும் பிடித்து வைத்ததில்லை, கணக்கு முடிக்காமல் போனவர்களையும் தேடிப் போனதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளை அவர் நினைத்துக்கொண்டார் என்பதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

    

 மேற்கே கொலராடோவில் பென்ட் கோட்டை இருக்கிறதே, அங்கே போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது பெயருக்குத்தான் கோட்டை. 1833-ல் பென்ட் சகோதரர்களும் கூட்டாளியும் செயன், அரபாஹோ பழங்குடி மக்களோடு காட்டெருமைத் தோல் வியாபாரம் செய்யச் சுடாத மண்கல்லால் கட்டிய கடை. 1849-லேயே கைவிடப்பட்டது. இப்போது நிற்பது 1976-ல் திரும்பக் கட்டியது. நல்ல இடம்தான். ஆனால் அன்றைக்கு வைத்த அதே கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் புலாஸ்கிதான்.

திரும்பி வரும்போது வண்டியில் அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன். கோட்டை விழுந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 13, அந்தத் தீவில் இருந்த அடிமைகள் எல்லோரும் இனி விடுதலை என்று வடக்குப் படையின் ஜெனரல் ஹன்டர் ஆணை போட்டார். அடிமைகளுக்கு விடுதலை என்ற ஜனாதிபதி லிங்கனின் பிரகடனம் வர இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. "கல்லு அறுத்தவங்க அப்ப உயிரோட இருந்திருப்பாங்களா?" என்று கேட்டார். சிலராவது இருந்திருப்பார்கள் என்றேன்.