கோடவுன்: கீழிறங்கிப் போன சொல்லா?

கேள்வி: டொக்யாட்டில் பணியாற்றிய எனது அம்மப்பாவின் ஆங்கிலக் குறிப்பேட்டில், பண்டகசாலையைக் குறிக்கக் ‘கோடவுன்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. படியிறங்கிச் செல்லும் நிலவறைகளில் பொருள்களை வைத்ததால், ‘கோ டவுன்’ (go down), அதாவது ‘கீழே போ’ என்ற பொருளில் வெள்ளைக்காரர் இட்ட பெயர் அது என்கிறார் மாமா. சரிதானா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மாமாவின் விளக்கம் சுவையானது, ஆனால் பிழையானது. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில எழுத்தில் தோன்றிவிட்ட இச்சொல், கீழைக் கடல்களில் வணிகம் செய்த போர்த்துக்கேயரின் ‘குதாவ்ங்’ என்னும் வடிவத்தின் வழியாக வந்தது. மலாய் மொழியில் இன்றும் வழங்கும் ‘குடாங்’, சிங்களத்தின் ‘குதாம’ ஆகியனவும் இதன் உறவினரே. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி, தெலுங்குச் சொல்லோடு நமது ‘கிடங்கு’ என்பதையும் சேர்த்துக் காட்டி, ‘கிட’ என்னும் வினையிலிருந்து, பண்டங்கள் கிடக்கும் இடம் என்று அதற்குப் பொருள் கூறுகிறது. எந்தத் திராவிட மொழியிலிருந்து எந்தத் துறைமுகத்தில் முதலில் ஏறியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தென்னிந்தியக் கரையே அதன் பிறப்பிடம் என்பதே பெரும்பாலோர் கருத்து.

எனினும் மாமாவை முற்றாகக் கைவிட எனக்கு மனமில்லை. சங்க இலக்கியத்தில் கிடங்கு என்றால் கோட்டையைச் சூழ்ந்த அகழி. வாழைக்கன்று நடக் ‘கிடங்கு வெட்டு’ என்று நம்மவர் சொல்லும்போது அது வெறும் குழி. ஆகவே, ஆங்கிலத்தில் இல்லாத பள்ளம் தமிழில் இருக்கத்தான் செய்கிறது!

இங்கிலாந்தில் இச்சொல் ஒருபோதும் ஊன்றவில்லை. அங்கே ‘வெயார்ஹவுஸ்’தான், கோடவுன் என்பது இந்தியா, இலங்கை, மலாயா, ஹொங்கொங் என ஆசியத் துறைமுகங்களில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சு. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னரும், தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் அது ‘குடோன்’ என்ற உருவில் நிலைத்திருக்கிறது.

அம்மப்பாவின் குறிப்பேட்டைத் தமிழாக்குவதாயின், ‘கிட்டங்கி’ என்றே எழுதுங்கள். ‘கிடங்கு’ என்று எழுதினால், அரிசி மூடைகளை ஏன் குழிக்குள் இறக்கினார்கள் என்று உப்புவெளியில் யாரேனும் கேட்கக்கூடும்.