டர்ஹம் பேராலயம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இங்கிலாந்தில் கேன்டர்பரி, யார்க் போன்ற பேராலயங்கள் இருக்க, தாங்கள் டர்ஹமை முதலிடத்தில் வைப்பது ஏன் ஐயா?

பதில்: அதன் கூரைக்காக. 1093 ஆகஸ்டில் ஆயர் வில்லியம் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1133இல் கட்டடத்தின் பெரும்பகுதி நிறைவுற்றபோது, நடுக்கூடம் வரை கல்லாலேயே கூரை வேயப்பட்டிருந்தது. அக்காலத்து இங்கிலாந்தின் பெரிய ஆலயங்களில் சுவர் கல்லாக இருந்தாலும் மேலே பெரும்பாலும் மரக்கூரையே இருந்தது. அத்தனை அகலத்தை அத்தனை உயரத்தில் கல்லால் மூடத் துணிந்ததே டர்ஹமின் பெருமை.

கேள்வி: அந்தக் கல்கூரை விழாமல் நிற்பது எப்படி?

பதில்: அரைப்பீப்பாய் வடிவில் கட்டும் கூரையின் சுமை சுவரின் நீளம் முழுவதும் இறங்குவதால், சுவரைத் தடிமனாக்கிச் சன்னல்களைச் சுருக்க வேண்டியிருக்கும். டர்ஹம் கொத்தர்கள் கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காகக் கல் விலாக்களை எழுப்பி, இடைவெளிகளைக் கல்லால் மூடினார்கள். சுமை தூண்களை நோக்கித் திரண்டு இறங்கியது. இதில் ஒரு வடிவியல் சிக்கல் உண்டு. மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமானது. ஆகவே இரண்டின்மேலும் அரைவட்ட வளைவு அமைத்தால் மூலைவிட்ட வளைவே உயர்ந்து நிற்கும். நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகளைக் கூர்முனையாக்கி அவர்கள் உயரத்தைச் சமன்செய்தார்கள். பின்னாளில் கோதிக் என்ற கட்டடப் பாணியின் அடையாளமான கூர்முனை வளைவு, இங்கே அழகுக்காக மட்டுமன்றித் தேவைக்காகவும் வந்தது என்பதே என்னை மிகவும் கவர்கிறது. பீடப்பகுதியின் முதல் கூரை விரிசல் கண்டு 13ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டது. நடுக்கூடத்தின் கூரை இன்றும் நிற்கிறது.

கேள்வி: ஆற்று வளைவில் உள்ள பாறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: லிண்டிஸ்ஃபார்ன் ஆயராக இருந்த புனித கத்பெர்ட்டின் உடலைக் காக்க. அவர் 687இல் இறந்து லிண்டிஸ்ஃபார்ன் தீவில் அடக்கம் செய்யப்பட்டார். 793இல் வைக்கிங்குகள் அத்தீவைச் சூறையாடினார்கள். தாக்குதல் அச்சம் தொடர்ந்ததால், 875இல் துறவிகள் அவர் உடல் இருந்த பேழையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் நூறாண்டுக்கும் மேல் தங்கிய பிறகு, 995இல் டர்ஹம் வந்தார்கள். வெயர் ஆறு மூன்று பக்கமும் சூழ்ந்த செங்குத்தான பாறை அது. பகைவருக்கு எளிதில் எட்டாது.

கேள்வி: நடுக்கூடத் தரையில் பெண்கள் தாண்டக் கூடாத ஒரு கோடு இருந்ததாமே? கத்பெர்ட் பெண்களை வெறுத்தாரா?

பதில்: கோடு உண்மை, மேற்குப் பக்கத்தில் கருநிறக் கல்லில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வெறுப்பைக் கத்பெர்ட்மேல் சுமத்துவது அநியாயம் என்பேன், அம்மா. ஏபா, எல்ஃப்ளெட் ஆகிய மடத்தலைவிகளுடன் அவர் நல்லுறவு கொண்டிருந்ததை, அவருடைய வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவி பதிவு செய்திருக்கிறார். 1083இல் டர்ஹமில் இருந்த, மணமானவர்களையும் கொண்ட பழைய குருகுழுவை விலக்கிவிட்டுப் பெனடிக்ட் சபைத் துறவிகளை அமர்த்தினார்கள். பெண்வெறுப்புக் கதை பரவியது அதன் பின்னரே. பீட்டின் கல்லறையும் இதே பேராலயத்தின் மேற்குச் சிற்றாலயத்தில்தான் உள்ளது.

கேள்வி: மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இது எப்படித் தப்பியது?

பதில்: 1539இன் இறுதியில் மடம் கலைக்கப்பட்டது. கட்டடம் 1541இல் புதிய நிர்வாகத்தின்கீழ்ப் பேராலயமாகத் தொடர்ந்தது. மடத்தின் கடைசித் தலைவரே அதன் முதல் டீன், அதாவது பேராலய நிர்வாகத் தலைவர் ஆனார். கத்பெர்ட்டின் அலங்காரச் சமாதி மட்டும் சிதைக்கப்பட்டது. இப்போது அங்கே அவர் பெயர் பொறித்த எளிய கற்பலகை ஒன்றே உள்ளது.

கேள்வி: இது சிறையாகவும் இருந்ததா?

பதில்: ஆம். 1650இல் டன்பார் போரில் ஆங்கிலப் படைத்தலைவர் கிராம்வெல்லிடம் பிடிபட்ட ஏறத்தாழ 3,000 ஸ்காட்லாந்து வீரர்கள் உள்ளே அடைக்கப்பட்டார்கள். பசியாலும் நோயாலும் பெருந்தொகையானோர் மாண்டார்கள். 2013இல் அருகில் கட்டடப் பணி நடந்தபோது அவர்களுள் சிலரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆய்வு முடிந்து 2018இல் அவற்றை டர்ஹமிலேயே உரிய சடங்குகளுடன் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.