மருந்தைக் குறைச்சா பெரட்டுக்கு ஆள் கூடணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என் மகன் ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாத் தீவுல வேலை பார்க்குறான். ரெண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டமும் கூடவே ஒரு சின்ன வைன் ஆலையும் குத்தகைக்கு வருதாம், மருந்தே அடிக்காம நடத்தப் போறானாம். நான் இங்க செம்பனைத் தோட்டத்துல இருபது வருஷம் மருந்து பம்பு தூக்குனவ, மருந்தில்லாம எந்தப் பயிர் நின்னுருக்கு சொல்லுங்க? என் சேமிப்புல இருந்து முப்பதாயிரம் வெள்ளி வேற கேக்குறான், குடுக்கலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, பணத்தைப் பத்தி கடைசியில சொல்றேன். பராகுவாட்ங்கிற களைக்கொல்லியை நம்ம மலேசியாவுல முழுசா நிறுத்துனதே 2020-லதான், அதுவரைக்கும் அதை முதுகுல சுமந்தது உங்கள மாதிரி அக்காமாருங்கதான், அதனால உங்க சந்தேகத்துல நியாயம் இருக்கு. "மருந்தே இல்ல"ன்னு அவன் சொன்னா நம்பாதீங்க, "குறைச்சு அடிப்பேன்"னு சொன்னா நம்பலாம். நான் அந்தத் தீவுல ஏழு சீசன் கூலி வேலை பார்த்தவன், கந்தகம் இல்லாம ஒரு வருஷம்கூட ஓடல.

குளிர்ப் பிரதேசத்துல திராட்சைக்குப் பெரிய எதிரி பூச்சி இல்ல, பூஞ்சை. சாம்பல் நோய்க்கு கந்தகம், இது நமக்குப் புதுசும் இல்ல, பழைய கித்தா (ரப்பர்) காட்டுல இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுறப்போ கந்தகத் தூள் தூவுனாங்களே, அதே ஜாதி பூஞ்சைக்குத்தான். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்ஸ்ல ரோட்டோரமா போறவன் வர்றவன் பழத்தைப் பறிக்கக் கூடாதுன்னு கொடியில இதைப் பூசி வச்சிருக்காங்க, அந்தக் கொடிங்க மட்டும் இலை கொட்டாம நிக்கிறதை மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் கவனிச்சு 1885-ல உலகத்துக்குச் சொன்னாரு. ரெண்டுமே ஆர்கானிக்ல செல்லும். ஆனா மயில்துத்தத்துல இருக்கிற செம்பு மண்ணுலயே தங்கிடும், மண்புழுவுக்கு ஆகாது, அதனாலதான் ஐரோப்பாவுல ஒரு ஹெக்டருக்கு 7 வருஷத்துல 28 கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு.

அப்போ எப்படிக் குறைக்கிறதுன்னா, கையாலதான். பூ கொட்டி காய் மிளகு அளவுக்கு வந்ததும் குலை இருக்கிற மட்டத்துல, காலை வெயில் படுற பக்கத்து இலையை மட்டும் கிள்ளி விடணும், மத்தியான வெயில் பக்கத்தை அப்படியே விட்டுடணும், இல்லாட்டி பழம் வெந்துடும். காத்து உள்ள புகுந்து போனா மழைத் தண்ணி சீக்கிரம் காயும், காஞ்சா பூஞ்சைக்கு வேலை இல்ல. ஒரு வருஷம் ஆள் கிடைக்காம நாங்க இந்த வேலையை ரெண்டு வாரம் தள்ளிட்டோம். வெளியில இருந்து பார்த்தா குலை பளபளன்னு இருக்கு, நெருக்கமான பீனோ நுவார் ரகக் குலை, நடுவுல விரலை விட்டுப் பிரிச்சா சாம்பல் நிறத்துல புஸ்ஸுன்னு தூள் பறக்குது, உள்ள பழமெல்லாம் நசநசன்னு கிடக்கு. அந்த வரிசையில பாதியைத் தரையில வெட்டிப் போட்டோம்.

மருந்து அடிக்கிறதும் காலண்டர் பார்த்து இல்ல, மழை பார்த்து. ஆஸ்திரேலியாக்காரங்க அடிச்சாம்பலுக்கு 10-10-24ன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 10 மில்லிமீட்டர் மழை, 10 டிகிரிக்குக் குறையாத சூடு, 24 மணி நேரம். மூணும் சேர்ந்தா நோய் இறங்கும்னு அர்த்தம், சேராட்டி பம்பு ஸ்டோர்லயே இருக்கட்டும். அறுவடை கிட்ட வந்தா கந்தகத்தையும் நிறுத்திடணும், இல்லன்னா புளிக்கிறப்போ அழுகுன முட்டை வாடை கிளம்பும். புல்லுக்கு மருந்தே வேணாம், குளிர்காலத்துல இலை இல்லாத நேரமா பார்த்து ஆட்டை விட்டா மேஞ்சுட்டு எருவும் போட்டுட்டுப் போகும்.

கேள்வி: சல்பைட் சேர்க்காத வைன் குடிச்சா தலைவலி வராதாமே?
வாசகர், பாகாவ்

பதில்: தம்பி, முதல்ல எத்தனை கிளாஸ்னு சொல்லுங்க. சல்பைட்ங்கிறது வைன் கெடாம இருக்கப் போடுற கந்தகச் சரக்கு. ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு அது ஒத்துக்காது, அது உண்மை. ஆனா ஈஸ்ட் புளிக்க வைக்கிறப்போ தானாவே கொஞ்சம் உண்டாக்கும், அதனால சுத்தமா இல்லாத வைன்னு ஒண்ணு அபூர்வம்.

சல்பைட் எதுக்குன்னா, தோட்டத்துக் கள்ளை நினைச்சுப் பாருங்க. காலையில இறக்குனது இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் காடி. பானையில சுண்ணாம்பு தடவுனா புளிக்காம நிக்கும். வைன்ல அந்தக் காவல் வேலையை சல்பைட் பார்க்குது. குளிர்ப் பிரதேசத்துப் பழத்துல புளிப்பு தூக்கலா இருக்கும், அது ஒரு வரம்: பிஹெச் (புளிப்பு கூடக் கூட இறங்குற அளவு) 3.2 இருக்கிற வைனுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் சல்பைட் செய்யுற வேலைக்கு 3.6 இருக்கிறதுக்கு 50 கிட்ட வேணும். மிச்சம் சுத்தம்தான். வைன் ஆலையில பாதி நாள் நான் பண்ணது சுடுதண்ணியில கழுவுற வேலை லா! ஒரு தடவை ஒரு பீப்பாயை நெறப்பி வைக்க மறந்துட்டேன், மேல நாலு விரக்கடை காத்து, ஒரு மாசத்துல திறந்தா மூக்கைப் பிடிக்கிற காடி வாசம், 225 லிட்டரும் போச்சு.

கேள்வி: கேமரன் மலையில வைன் திராட்சை போடலாமா?
வாசகர், தாப்பா

பதில்: அங்க குளிர்ச்சி இருக்கு, குளிர்காலம் இல்ல. கொடி இலை கொட்டித் தூங்காது, வருஷம் பூரா மழை வேற, பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. தமிழ்நாட்டுக் கம்பம் ஊர்ல பன்னீர் திராட்சை வருஷம் பூரா காய்க்குதேன்னு கேப்பீங்க, அது மலை மறைவுல மழை கம்மியான இடம், அவங்களும் கவாத்து பண்ணித்தான் கொடியை ஏமாத்துறாங்க. வேலிக்கு அழகா நாலு கொடி வைங்க. வைன் வடிக்க நினைச்சா கலால் லைசென்ஸ் இல்லாம தொடாதீங்க.

இப்போ அக்காவோட பணம். ஏக்கருக்கு ரெண்டு டன்னுன்னு வச்சாலும் நாலு டன், போத்தலுக்கு ஒண்ணேகால் ஒண்ணரைக் கிலோ போகும், அப்போ கிட்டத்தட்ட 3,000 போத்தல். அதை யார் கடை கடையா ஏறி விக்கப் போறான்னு கேளுங்க, அதுக்குப் பதில் வச்சிருக்கானான்னு பாருங்க. அங்க அறுவடை மார்ச், ஏப்ரல்ல. வேற யார் தோட்டத்துலயாவது ஒரு அறுவடைக்குக் கூலியா நிக்கட்டும், விடிகாலைக் குளிர்ல கத்தரி பிடிச்சு, ராத்திரி தொட்டி கழுவி. அதுக்கப்புறமும் கேட்டா பாதியைக் குடுங்க.