பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் டீப்பாய்க்கு ஏன் ‘டஃபன்டு’ கண்ணாடி போடச் சொல்கிறார்கள்?

சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது டஃபன்டு. மேல்பரப்பு முதலில் இறுகும். உள்பகுதி பிறகு சுருங்கி அதை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பத்துப் புத்தகங்களை இரு கையாலும் அமுக்கித் தூக்கினால் நடுவில் உள்ளவை நழுவாது அல்லவா, அப்படி. அந்த நெருக்கலை மீறினால்தான் விரிசல் விடும். வலு சுமார் 4 மடங்கு.

பலவீனம் ஓரத்தில்தான். நடுவில் டம்ளரால் தட்டினால் தாங்கும். மூலையில் பொம்மைக் கார் மோதினால் மொத்தமும் சிறு துண்டுகளாகச் சிதறலாம். மூலைகளுக்கு ரப்பர் காப்பு ஒட்டுங்கள். இரும்புக் காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிலிக்கோன் பொட்டு வையுங்கள். ஓரம் சில்லு பெயர்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கீறலே விழாது என்று பலர் நினைக்கிறார்கள். மணலோடு துடைத்தால் இதிலும் விழும்.