அப்பாவின் 24 மி.மீ. லென்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற நிக்கோர் 24 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ் லென்ஸை அடாப்டர் வழியாக என் 24 மெகாபிக்சல் சோனி முழுச்சட்டக் கேமராவில் மாட்டிப் படமெடுக்கிறேன். மாலை மங்கலில் பினாங்குக் கொடிமலை உச்சியிலிருந்து ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிவரை (மிகத் தொலைவுக் காட்சிக்கான குறி) திருப்பி, லென்ஸின் துளையை எஃப் 2.8-க்கு முழுதாகத் திறந்து எடுத்தால் ஊர் மசமசவென்று விழுகிறது. ஓரங்கள் சுமார், இடது ஓரம் படுமோசம். தைப்பூச இரதத்தை எடுத்தால் பச்சைப் பொட்டுகள் வருகின்றன, பாதிப் படங்களில் ஃபோகஸும் தப்பிவிடுகிறது. அப்பா மாட்டிய யு.வி. ஃபில்டர் இன்னும் லென்ஸின் முன்னால் இருக்கிறது. நண்பர்கள் புதியதை வாங்கச் சொல்கிறார்கள். ஒருவர் அதே காலத்து எஃப் 2 லென்ஸ் ஒன்றை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களை முழு அளவுக்கு விரித்துப் பார்த்தேன். ஒரு வாரம் பொறுங்கள், அதுவரை கடைப் பக்கம் போக வேண்டாம். பச்சைப் பொட்டுக்கும் கொடிமலை மங்கலுக்கும் அப்பாவின் லென்ஸ் பொறுப்பில்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். இடது ஓரத்தைப் பற்றி நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும்.

முதலில் பொட்டைப் பார்ப்போம். உங்கள் படத்தில் இரதத்தின் உச்சி விளக்குகள் வலது மேல் மூலையில் இருக்கின்றன, பச்சைப் பொட்டுகள் இடது கீழ் மூலையில். ஒரு விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்தால், அதே தூரத்தில் மறுபக்கம் ஒரு பொட்டில் போய் முட்டும். விளக்குச் சரத்தின் வளைவு பொட்டுகளிலும் தலைகீழாகத் தெரிகிறது. இது ஃபில்டரின் கைவரிசை. சென்சார் மேல் விழுந்த வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு திரும்பி லென்ஸ் வழியாக வெளியே வருகிறது, ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதுகிறது, மறுபடி உள்ளே போய்த் தன் இரட்டைப் பிறவியைப் பதிக்கிறது. ஃபிலிமின் மேற்பரப்பு அவ்வளவு பளபளப்பானதல்ல. சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடியோ முகம் பார்க்கும் கண்ணாடியேதான். அப்பாவின் படங்களில் இல்லாத பொட்டு உங்கள் படங்களில் வருவதற்கு இதுதான் காரணம். லென்ஸுக்குள்ளேயே பிறக்கும் பிரதிபலிப்பு வேறு மாதிரி இருக்கும்: துளையின் ஏழு பக்க வடிவில், வெளிச்சத்திலிருந்து நடுப்புள்ளியை நோக்கி மணி கோத்ததுபோல வரிசையாக விழும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

52 மி.மீ. ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுங்கள். இத்தனை ஆண்டுகளில் அது இறுகிப்போயிருந்தால் விளிம்பில் அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றி, அழுத்தாமல் திருகுங்கள். இடுக்கி போட்டால் வளையம் கோணிக்கொள்ளும், அதன்பிறகு யார் கையிலும் வராது.

கொடிமலைப் படத்தின் வழக்கு இன்னும் சுவையானது. நிக்கான் கேமராவில் லென்ஸ் மாட்டும் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ., சோனியில் அது 18 மி.மீ. இடையில் இருக்கும் 28.5 மி.மீ. தூரத்தை நிரப்புவதுதான் அடாப்டரின் முழு வேலை. ஆனால் சரியாக 28.5 என்று கடைந்து, அதில் இம்மி கூடிப்போனால் லென்ஸ் தூரத்துக் காட்சியை எட்டவே எட்டாது, வாங்கியவர் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவருவார். அந்த அச்சத்தில் பலர் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள்.

0.1 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தின் தடிமன்தான், தொலையட்டும் என்று தோன்றும். 24 மி.மீ. லென்ஸில் அது பெரிய குற்றம். வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பினால் லென்ஸ் முடிவிலியைத் தாண்டிப் போய் நிற்கும். மலையிலிருந்து தூரத்தில் தெரியும் பினாங்குப் பாலம் கூர்மையாக விழ, வளையம் ஏறக்குறைய 6 மீட்டர் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். குறியிலேயே விட்டு எஃப் 2.8-இல் எடுத்தால் ஒவ்வொரு விளக்குப் புள்ளியும் 0.036 மி.மீ. வட்டமாகப் பரவும். உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ., ஆகவே ஆறு பிக்சல் அகலத்துக்கு மசமசப்பு. துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் அது இரண்டு பிக்சலாகச் சுருங்கி, குற்றம் மறைந்துகொள்ளும். பகலில் லென்ஸ் நன்றாக இருக்கிறது, மாலையில் கெட்டுப்போகிறது என்று நீங்கள் நினைத்தது இப்படித்தான்.

ஆகவே குறியை நம்பாதீர்கள். கேமராவில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டு, தூரத்து விளக்கு ஒன்று மிகச் சிறிதாகும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள். நல்ல அடாப்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த லென்ஸில் அதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. நிக்கான் 1967-இல் தன் முதல் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில், கிட்டத்துக் காட்சியிலும் ஓரங்கள் கெடாமல் இருக்க, உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உங்கள் லென்ஸிலும் அது இருக்கிறது. அந்த நகர்வு வளையத்தின் நிலையைப் பொறுத்தது. வளையம் 6 மீட்டரில் நின்றால் தூரத்துப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே 6 மீட்டருக்கான திருத்தத்தைத்தான் செய்யும். சிறிய பிழைதான், ஆனால் ஓரங்களுக்குப் போகும் பங்கு அதிகம்.

இனி இடது ஓரம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: லென்ஸின் வடிவமைப்பே பலவீனமானது என்றால் நான்கு மூலைகளும் ஒரே அளவு கெட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் எங்கோ ஏதோ சாய்ந்திருக்கிறது. ஃபெர்ரி பிடித்து ஜார்ஜ்டவுனுக்கு வரும்போது, எதிரெதிரே கடைவீடுகள் இருக்கும் தெரு ஒன்றில், கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான ஐந்தடியில், கேமரா முக்காலியை நிறுத்துங்கள். எதிர்வரிசையின் சன்னல் பலகைகளும் பெயர்ப்பலகைகளும் இந்தச் சோதனைக்கென்றே செய்தவை போலிருக்கும். சென்சார் அந்த வரிசைக்கு இணையாக இருக்கும்படி வைத்து எஃப் 2.8-இல் ஒரு படம் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். இரண்டு படத்திலும் தெருவின் ஒரே கடைதான் மங்கல் என்றால், நீங்கள் கோணலாக நின்றிருக்கிறீர்கள், லென்ஸ் நிரபராதி. முதல் படத்தில் இடதுகோடிக் கடையும் இரண்டாவதில் வலதுகோடிக் கடையும் மங்கினால், சாய்வு கேமராவோடு சேர்ந்து திரும்புகிறது என்று பொருள்.

அப்படியானால் லென்ஸா, அடாப்டரா? அதே அடாப்டரில் இன்னொரு நிக்கோர் லென்ஸை மாட்டிப் பாருங்கள். அல்லது இந்த லென்ஸை நண்பரின் நிக்கான் கேமராவில் நேரடியாக மாட்டுங்கள். என் மேசைக்கு வந்த இத்தகைய வழக்குகளில் குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர்தான். அதன் முகப்புத் திருகுகளில் ஒன்று தளர்ந்திருக்கும். லென்ஸைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், லேசாகக் கிளிக் என்று அசைந்தால் வேறு சான்றே வேண்டாம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் மூலைகள் எஃப் 2.8-இல் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். அது இந்த லென்ஸின் பிறவிக் குணம். எஃப் 5.6, எஃப் 8-இல் அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. தூண்கள் உள்பக்கம் சாய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அது லென்ஸின் குறையல்ல, கேமராவை மேல்நோக்கித் தூக்கியதன் விளைவு. எத்தனை ஆயிரம் ரிங்கிட் லென்ஸிலும் அப்படியே சாயும்.

காசைச் செலவழிக்கும் முன் லென்ஸின் உள்ளேயும் பார்த்துவிடுங்கள். துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் கவலை இல்லை. விளிம்பிலிருந்து சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். இதில் ஒன்பது கண்ணாடிகள் தனித்தனியாக நிற்கின்றன, அதாவது காற்றைத் தொடும் முகங்கள் பதினெட்டு. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு மட்டும் இல்லையென்றால் உள்ளே நுழைந்த வெளிச்சத்தில் பாதி கூட மறுமுனைக்குப் போய்ச் சேராது. பூஞ்சணம் தின்பது அந்தப் பூச்சைத்தான். தொடக்கத்தில் பிடித்தால் துடைத்துவிடலாம், பூச்சை அரித்துவிட்டால் தழும்பு தழும்புதான். என் 28 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தோல் உறையோடு அலமாரியில் வைத்து இரண்டு மழைக்காலம் மறந்துபோனேன், எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு காடு. நம் ஊர்க் காற்றில் தோல் உறை லென்ஸுக்குப் பாதுகாப்பல்ல, பூஞ்சணத்துக்கு வீடு. ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டி ஒன்று உங்களிடம் இல்லையென்றால், லென்ஸுக்கு முன் அதை வாங்குங்கள்.

நண்பர் காட்டும் எஃப் 2 லென்ஸ் வேண்டாம். அது தருவது ஒரு படி வெளிச்சம், இரண்டு மடங்கு. ஆனால் அந்தக் காலத்தில் அதிக வெளிச்சம் தரச் செய்த அகலக்கோண லென்ஸ்களை முழுதாகத் திறந்தால் ஓரத்து விளக்குகள் பறவை சிறகு விரித்ததுபோல் இழுபடும். கடைசியில் அதையும் எஃப் 2.8-க்கு மூடித்தான் எடுப்பீர்கள். அதே அடாப்டர், அதே கைத்திருப்பு, அதே பூஞ்சண பயம், மேலே இன்னும் கொஞ்சம் எடை.

இரதம் மட்டும் வேறு கதை. விடியும் முன் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் வெள்ளி இரதத்தின் முன்னால், தேங்காய்ச் சிதறல்களுக்கிடையே பின்னோக்கி நடந்துகொண்டே, காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்ப யாராலும் முடியாது. எஃப் 5.6-இல் 2.5 மீட்டருக்கு ஃபோகஸை வைத்துவிட்டால், கணக்குப்படி ஒன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை ஓரளவு கூர்மையாக விழும். சென்சாரின் வெளிச்ச உணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் இந்த 2.5 மீட்டரையும் வளையத்தின் குறியில் பார்க்காதீர்கள், அந்தத் தூரத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பெரிதாக்கிப் பார்த்து அமைத்துவிட்டு ஒட்டுநாடா போட்டுவிடுங்கள். இதைச் செய்தும் உங்களுக்கு வேண்டிய முகபாவம் கிடைக்கவில்லையென்றால், தானே ஃபோகஸ் செய்யும் லென்ஸ் வாங்குவதற்கு அது நியாயமான காரணம். எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணமும் அதுதான்.

வாங்குவதானால், 2021-இல் வந்த சோனி 24 மி.மீ. எஃப் 2.8 ஜி வெறும் 162 கிராம், உங்கள் லென்ஸைவிடவே இலேசானது. ஆனால் அதே எஃப் 2.8-க்கு மறுபடி பணம் கொடுப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018-இல் வந்த சோனி 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சம் தரும், 445 கிராம் எடை, விலையும் அதற்கேற்றபடி. என் தேர்வு 2020-இல் வந்த சோனி 20 மி.மீ. எஃப் 1.8 ஜி. 373 கிராம், இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம். 20 மி.மீ. உங்கள் 24-ஐவிட நன்றாகவே அகலம், எனவே அப்பாவின் லென்ஸைப் பெட்டியில் தூங்கவைக்காது. கூட்டம் நெருக்கும் இடத்தில் அது, பகல் நேரத் தெருவில் இது.

தெருச் சோதனையின் படங்களை எனக்கு அனுப்புங்கள், எஃப் 2.8-இல் ஒரு சோடி, எஃப் 8-இல் ஒரு சோடி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.