கடற்படை டாக்யார்டில் அப்ரண்டிஸ்: வாசகர் கேள்வி பதில்

போர்க்கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் தொழிற்பழகுநர் பயிற்சி பற்றி வந்த கடிதங்களில் சில, பதில்களுடன்.

மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறான். ‘நேவி அப்ரண்டிஸ்’ என்று விளம்பரம் பார்த்தோம். இதில் சேர்ந்தால் கடற்படை வீரன் ஆகிவிடுவானா?
வாசகி, தூத்துக்குடி

ஆக மாட்டான். விளம்பரம் செய்யும் சில கோச்சிங் சென்டர்களே இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றன. சீருடை அணியும் மாலுமிகளுக்கான சேர்க்கை 2022 முதல் அக்னிபத் திட்டத்தில் நடக்கிறது. நீங்கள் பார்த்தது வேறு. விசாகப்பட்டினத்திலும் மும்பையிலும் உள்ள கடற்படை டாக்யார்டுகளில் கப்பல்களைப் பழுதுபார்ப்பவர்களில் பெரும்பாலோர் சிவிலியன் தொழிலாளர்கள். அந்தத் தளங்கள் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. பெரும்பாலான டிரேடுகளுக்கு ஓராண்டு. கடைசியில் அகில இந்திய தொழிற்தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் வாங்கியது தேசியத் தொழிற்சான்றிதழ். இரண்டும் வெவ்வேறு தகுதிகள். இரண்டும் கையில் இருப்பது நல்லது.

பத்தாம் வகுப்பில் 48 சதவீதம், ஐ.டி.ஐ.யில் 71. விசாகப்பட்டினத்துக்கு விண்ணப்பிக்கலாமா? தேர்வு எப்படி இருக்கும்?
வாசகர், விருதுநகர்

விசாகப்பட்டின அறிவிப்புகளில் பத்தாம் வகுப்பில் 50, ஐ.டி.ஐ.யில் 65 என்று இரண்டு வரம்பு இருக்கும். ஒன்றில் கூடுதலாக வாங்கியது மற்றதன் குறையை ஈடுகட்டாது. எனவே அங்கே உங்களுக்கு வழியில்லை. மும்பை மசகான் டாக் நிறுவனம் தனியாக அறிவிப்பு விடுகிறது. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. என மூன்று பிரிவாக ஆள் எடுப்பார்கள். அதன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

தகுதி உள்ள மற்றவர்களுக்காக: விசாகப்பட்டின எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். கணிதம், பொது அறிவியல், பொது அறிவு மூன்றிலும் கேள்விகள் வரும். பாடம் பத்தாம் வகுப்புத் தரம்தான். வினாத்தாள் தமிழில் வராது என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு இடறல். அடர்த்தி, உந்தம், முடுக்கம் எல்லாம் நன்றாகத் தெரிந்தவர்களே ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் திகைத்துப் போகிறார்கள். புதிய கைடு வாங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியல், கணிதப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பைத் தமிழ்ப் பதிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாலே போதும்.

சாதிச் சான்றிதழில் எம்.பி.சி. என்று இருக்கிறது. அதையே இணைத்தால் போதுமா? ஆதாரில் பெயரும் கொஞ்சம் மாறியிருக்கிறது.
வாசகர், கடலூர்

போதாது. பி.சி., எம்.பி.சி. என்பவை மாநில அரசின் பிரிவுகள். மத்திய அரசு நிறுவனத்துக்கு, மத்திய அரசுப் படிவத்தில் ‘கிரீமி லேயரில் வராதவர்’ என்ற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும். பழைய தேதியிட்ட சான்றிதழைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

பெயர்ச் சிக்கல் இதைவிடத் தொல்லை. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் க’, ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’, ஐ.டி.ஐ. சான்றிதழில் ‘க. முருகன்’ என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். நமக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு அப்படி இல்லை. மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு ஆதாரை வைத்தே நடக்கிறது. அதில் ஏறிய பெயர்தான் ஒப்பந்தம், ஹால் டிக்கெட், சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும். எனவே போர்ட்டலில் கை வைப்பதற்கு முன், எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். பிறந்த தேதிக்கும் இதேதான்.

மகள் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். பெண்களை எடுப்பார்களா?
வாசகி, நாகப்பட்டினம்

சட்டத்தில் தடையில்லை, விண்ணப்பிக்கட்டும். மருத்துவத் தகுதியாக அறிவிப்புகளில் வழக்கமாகச் சொல்வது: உயரம் 150 செ.மீ., எடை 45 கிலோ, மார்பு விரிவு 5 செ.மீ., கண்ணாடியுடன் 6/9 பார்வை. விடுதி உண்டு என்று எழுத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொண்டு செலவைக் கணக்கிடுங்கள்.

ஒரே அறிவிப்பில் சிலருக்கு 7,700, சிலருக்கு 8,050 ரூபாய் என்று இருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? பி.எஃப். பிடிப்பார்களா?
வாசகர், திருவள்ளூர்

2019-இல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய் என்று இருந்தது. இரண்டாம் ஆண்டில் அதில் 10 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 15 சதவீதம் கூடியது. ஐ.டி.ஐ.யில் படித்த காலத்தையும் பயிற்சிக் காலமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெல்டர் போன்ற ஓராண்டு டிரேடு படித்தவர் டாக்யார்டில் கால் வைக்கும்போதே இரண்டாம் ஆண்டுக் கணக்கு, ஆகவே 7,700. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஈராண்டு டிரேடுக்காரர் மூன்றாம் ஆண்டுக் கணக்கு, ஆகவே 8,050. தொகை மாறக்கூடியது, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ளதே செல்லும்.

பி.எஃப். கிடையாது. சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. ஆனால் பணியிடத்தில் அடிபட்டால் தொழிலாளருக்கான இழப்பீட்டு விதிகள் அவருக்கும் பொருந்தும். இதைப் பல பெற்றோர் அறிவதில்லை. சின்னக் காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

டாக்யார்டு அறிவிப்பு வரும்வரை உள்ளூர்ப் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்துகொள்ளலாமா? வாய்ப்பு வந்ததும் விட்டுவிடலாமே.
வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். கூலிக்கு வேலை செய்வதில் தவறில்லை; அப்ரண்டிஸ் ஒப்பந்தம் மட்டும் போடாதீர்கள். போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகிவிட்டால், பாதியில் நின்றாலும் உங்கள் பெயரில் அது உயிரோடு இருக்கும். ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவரோ, பெற்றுவருபவரோ விண்ணப்பிக்கக் கூடாது என்று டாக்யார்டுகள் தெளிவாகவே போடுகின்றன. போட்டாகிவிட்டது என்றால், வேலைக்குப் போகாமல் இருந்துவிடாமல் முதலாளி மூலம் போர்ட்டலிலேயே முறைப்படி ரத்து செய்யுங்கள்.

எங்கே ஒப்பந்தம் போட்டாலும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: உங்கள் டிரேடு ‘டெசிக்னேட்டட்’ (அரசு வரையறுத்தது) என்று இருக்கிறதா, ‘ஆப்ஷனல்’ (நிறுவனமே வகுத்தது) என்று இருக்கிறதா. டெசிக்னேட்டட் டிரேடுக்குத்தான் அகில இந்திய தொழிற்தேர்வும் தேசியச் சான்றிதழும். ஆப்ஷனல் டிரேடின் மதிப்பீட்டு முறையே வேறு. வேலை என்னவோ ஒன்றுபோல்தான் இருக்கும். ஓராண்டு கழித்துச் சான்றிதழைக் கையில் வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நான் கப்பல் கட்டும் தளமொன்றில் வெல்டர் அப்ரண்டிஸ். 7018 வெல்டிங் ராடில் போட்ட வெல்டு பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அல்ட்ராசோனிக் சோதனையில் விரிசல் என்றார்கள். என் கை சரியில்லையா?
வாசகர், எண்ணூர்

கை காரணமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஈரம்தான் காரணம். சாதாரண மைல்டு ஸ்டீலில் பழகியவர்கள் போர்க்கப்பல் எஃகுக்கு வரும்போது முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். ‘விக்ராந்த்’ போன்ற கப்பல்களில் பயன்பட்ட டி.எம்.ஆர். 249ஏ வகை எஃகு அதிக வலுவுள்ளது. அப்படிப்பட்ட தகட்டில் வெல்டுக்குப் பக்கத்தில் வெந்த பகுதி வேகமாக ஆறினால் கடினமாகிவிடும். ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் அது ஆர்க்கில் உடைந்து ஹைட்ரஜனாக மெட்டலுக்குள் போகும். வெல்டு ஆறிய பிறகு அந்த ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து கடினமான பகுதியில் சேரும். அங்கே ஏற்கெனவே சுருங்குவதால் வந்த இழுவிசை இருக்கிறது. ஹைட்ரஜன், கடினம், இழுவிசை மூன்றும் ஓரிடத்தில் கூடினால் விரிசல். உடனே வராமல் பல மணி நேரம் கழித்து வருவது இதனால்தான்; 48 மணி நேரம் விட்டுச் சோதிப்பதும் இதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை: பாக்கெட் பிரித்த 7018 ராடை 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் சுட வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்பாளர் எழுதியிருக்கும் வெப்பமும் நேரமும்தான் கணக்கு. பிறகு 120 டிகிரிக்கு மேல் ஹோல்டிங் ஓவனில் வைத்து, அங்கிருந்து சூடான போர்ட்டபிள் ஓவனில் தேவையான அளவு மட்டும் எடுத்துப் போங்கள். போர்ட்டபிள் ஓவனைக் கரண்டில் மாட்டாமல் வெறும் டப்பாவாகத் தோளில் தொங்கவிட்டுத் திரிவதைத் தளத்தில் தினமும் பார்க்கலாம். அது வெறும் அலங்காரம். மிச்சமான ராடை மறுபடி மறுபடி சுடவும் கூடாது, பூச்சு உதிரும். 6013 ராடையும் கூடவே 350-இல் போட்டு வாட்டுகிறவர்கள் உண்டு. அது வேறு வகைப் பூச்சு. அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. நூறு டிகிரியை ஒட்டி உலர்த்தினால் போதும்.

கடற்கரையில் விடிகாலையில் தகட்டின் மேல் பனி பூத்திருக்கும். கேஸ் டார்ச்சால் சூடாக்கித் துடைக்காமல் ஆர்க் அடிக்காதீர்கள். பிரீஹீட் (வெல்டுக்கு முன் தகட்டைச் சூடாக்குவது) எவ்வளவு என்பது வெல்டிங் செயல்முறைத் தாளில் எழுதியிருக்கும்; அதற்குக் கீழே போகாதீர்கள். முக்கியமானது டேக் வெல்டு, அதாவது தகடுகளை இடத்தில் பிடித்து நிறுத்த முதலில் போடும் சின்ன வெல்டு. சின்னது என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சின்னதாக இருப்பதாலேயே அது மிக வேகமாக ஆறி, முதலில் வெடிக்கிறது. பிறகு அதன் மேலேயே ரன் போட்டு மூடிவிடுகிறார்கள். விரிசல் அடியில் தங்கிவிடுகிறது. டேக்குக்கும் முழு பிரீஹீட் கொடுங்கள். வெடித்த டேக்கை அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பயிற்சி முடித்தால் டாக்யார்டிலேயே நிரந்தர வேலை உண்டா?
வாசகர், மதுரை

உறுதியில்லை. அப்ரண்டிஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. ‘சமமாக இருந்தால்’ என்பதைக் கவனியுங்கள். போட்டித் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இந்தச் சான்றிதழுக்கு உண்மையான பலன் இருக்கிறது. டாக்யார்டுகளில் டிரேட்ஸ்மேன் ஸ்கில்டு பணிக்கு, அந்த டிரேடில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்திருப்பதைத் தகுதியாகக் கேட்கிறார்கள். ஊதியம் நிலை 2, அதாவது ஏழாவது ஊதியக் குழுப்படி 19,900-இல் தொடங்கும். ஐ.டி.ஐ. ஆசிரியராக விரும்புபவர்கள் இதை வைத்துப் பயிற்றுநர் படிப்பில் சேரலாம். சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் அது உண்டு. டிப்ளமா, பி.இ. முடித்தவர்களுக்கு வழியே வேறு. அவர்கள் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் கீழ் வருவார்கள். அகில இந்திய தொழிற்தேர்வு இல்லை.

ஃபிட்டர் செய்முறைத் தேர்வில் அளவு எப்போதும் ஒரு நூலிழை போய்விடுகிறது. லாக் புக் அவ்வளவு முக்கியமா?
வாசகர், சிவகங்கை

பொருத்தும் ஜாபில் கேட்பது பெரும்பாலும் 0.04 மி.மீ. ஏற்ற இறக்கம். உங்கள் வெர்னியர் காட்டுவதே 0.02-இல்தான். ஒரு கோடு தவறாகப் படித்தால் பாதி போச்சு. கடைசி 0.2 மி.மீ. வந்ததும் 0.01 காட்டும் மைக்ரோமீட்டருக்கு மாறுங்கள். அரம் போட்ட சூட்டோடு அளக்காதீர்கள். அரம் ஊஞ்சலாடினால் நடு மேடாகி ஓரம் இறங்கும். டிரை ஸ்கொயரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடனே தெரியும். எம்8 டேப்புக்கு 6.8 மி.மீ. துளை, 6.5 போட்டால் டேப் உடையும்.

லாக் புக்கும், அதாவது அன்றாட வேலைப் பதிவேடும் மதிப்பெண்தான். ‘பம்ப் வேலை செய்தேன்’ என்று எழுதினால் தேர்வாளர் வாய்மொழியில் எதைக் கேட்பார்? எந்தப் பம்ப், எத்தனை போல்ட், எந்த கேஸ்கெட், டயல் கேஜில் முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று எழுதுங்கள். ஷாஃப்ட் அலைன்மென்ட் பார்த்திருந்தால் கப்பல் டாக்கில் இருந்ததா, தண்ணீரில் மிதந்ததா என்று கட்டாயம் குறியுங்கள். டாக் பிளாக்கில் உட்கார்ந்த கப்பலின் அடிப்பகுதி மிதக்கும்போது சற்று வளையும். அதனால்தான் இறுதி அளவை மிதக்கவிட்டு எடுக்கிறார்கள். வெயில் ஏறினால் மேல்தளம் விரிந்து ரீடிங் மாறும் என்பதால் அதையும் விடிவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

டேங்குக்குள் முதல்முறை இறங்கப்போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?
பயிற்சி மாணவர்கள், விசாகப்பட்டினம்

டேங்கில் ஆபத்தான வாயு இல்லை என்று சொல்லும், அன்றைய தேதியிட்ட கேஸ் ஃப்ரீ சான்றிதழ். நேற்றையது செல்லாது. ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. நாற்றம் இல்லை என்பது ஆதாரமாகாது. துரு பிடிக்கும் மூடிய டேங்க் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதற்கு வாசனையே கிடையாது. டிக் வெல்டிங்குக்கு விட்ட ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். ஆகவே மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கேஸ் கட்டிங் ஹோஸை டேங்குக்குள் போட்டுவிட்டு ஏறாதீர்கள். வால்வு லேசாகக் கசிந்தாலும் திரும்பி வந்து ஆர்க் அடிக்கும்போது உள்ளே தீப்பிடிக்கும். ஹோஸை வெளியே எடுங்கள், சிலிண்டரில் மூடுங்கள். பல்க்ஹெட்டில் (கப்பலின் உள்தடுப்புச் சுவரில்) வெல்டு போடுமுன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து, அங்கே தீயணைப்பானுடன் ஒருவரை நிறுத்துங்கள். கேபிளும் பெயின்டும் எரிவது அந்தப் பக்கம்தான். வேலை முடிந்த பிறகும் அவர் அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும்.