டெட்ராய்ட்டில் வேலை; வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

டெட்ராய்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது, நகருக்குள் வீடு மலிவு என்கிறார்களே, எந்த ஏரியாவில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் புறநகரான ட்ராயில் அபார்ட்மென்ட், 2019இலிருந்து நகருக்குள் சொந்த வீடு என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் வந்து இறங்கியபோது சந்தித்த தமிழர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: எட்டு மைல் ரோட்டைத் தாண்டித் தெற்கே போகாதீர்கள். அதுதான் நகரத்தின் வடக்கு எல்லை. ட்ராய், நோவை, கேன்டன் என்று கோவிலும் மளிகைக் கடையும் தமிழ்ப் பள்ளியும் வெளியேதான் இருக்கின்றன. சொன்னவர்களில் பாதிப் பேர் கார் கண்காட்சிக்குப் போனது தவிர நகரத்துக்குள் கால் வைத்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. எட்டு மைல் ரோட்டுக்குப் பக்கத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் இன்னும் நிற்கிறது. வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவர் 1941இல் எழுப்பியது. பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது என்று அரசின் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. சுவர் வந்ததும் கிடைத்துவிட்டது. உத்தபுரம் தீண்டாமைச் சுவர் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று யாராவது சொன்னால், அதில் அனுபவம் எவ்வளவு, இந்தச் சுவர் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

முழுக்கப் பொய்ப் பயம் என்றும் சொல்ல மாட்டேன். 1950இல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சத்துக்கு வந்துவிட்டது. கார் ஆலைகள் வெளியே போக, ஆட்களும் பின்னாலேயே போனார்கள். 2013இல் நகராட்சியே திவால் மனு போட்டது. இப்போது தேறி வருகிறது என்றாலும், ஊர் காலியானது ஒரே சீராக அல்ல. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். அடுத்த தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கும், நாலாவது எரிந்து கிடக்கும். அதனால் ஏரியா பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தெருவைப் பாருங்கள், அதிலும் உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் பத்து வீடு, அந்தப் பக்கம் பத்து வீடு.

எங்கள் வீட்டை எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது எதிர்வீட்டு அம்மா. கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனி கொட்டிய மறுநாள் போய் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டை அப்புறம் பார்க்கலாம், நடைபாதையைப் பாருங்கள் என்றார். பனி வாரியிருக்கிற வாசலில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த இரண்டு வீட்டு வாசலிலும்கூட வாரியிருந்தது. முறை போட்டு வாருகிறார்களாம்! கோடையில் போனால் காலி மனைகளில் புல் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் ஒரு தடவை போய் வாருங்கள்.

அடுத்து பணம். வீடு மலிவுதான், மற்றதெல்லாம் மலிவல்ல. நகருக்குள் குடியிருந்தால் சம்பளத்தில் 2.4 சதவீதம் நகர வருமான வரி. அலுவலகம் புறநகரில் இருந்தாலும் கட்ட வேண்டும். 90,000 டாலர் சம்பளத்துக்குச் சுமார் 2,100 டாலர். கார் இன்சூரன்ஸ் முகவரியைப் பொறுத்து மாறும். அதே கார், அதே நாங்கள். ட்ராயிலிருந்து மாறியதும் ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. 2020 ஜூலையிலிருந்து அந்த இன்சூரன்ஸில் அடங்கிய மருத்துவக் காப்பின் அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நான் ஏமாந்தது சொத்து வரியில். தரகர் காட்டிய தாளில் பழைய உரிமையாளர் கட்டிய வரி இருந்தது, அதையே நம்பி மாதக் கணக்குப் போட்டேன். மிச்சிகன் மாநிலத்தில் 1994 சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும்வரை வரி கணக்கிடும் மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் விலைவாசி உயர்வு அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அவ்வளவுதான் ஏறும். வீடு கைமாறினால் அடுத்த ஆண்டே அந்தக் கட்டுப்பாடு போய், சந்தை மதிப்பில் பாதிக்கு வரி போடுவார்கள். முப்பது வருடம் ஒருவரே வைத்திருந்த வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருட பில்லைப் பார்த்து மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகையும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், மறக்காதீர்கள்.

வீட்டுக்குள் போனால் முதலில் தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் ஊர் இது. 2021 ஜூன் மழையில் நெடுஞ்சாலையே மூழ்கியது, ஆயிரக்கணக்கான பேஸ்மென்ட்டுகளில் சாக்கடை மேலே வந்தது. எங்களுக்குக் கணுக்கால் அளவு. சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நூறு வயது மண்குழாயில் மரவேர் நுழைந்திருக்கும். பழைய வீடுகளுக்குத் தண்ணீர் வரும் குழாய் ஈயமாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். சாக்கடை எதிர்த்து வருவதற்கு வீட்டு இன்சூரன்ஸில் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

சரி, பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால்: நாங்கள் இருப்பது லிவர்னாய் சாலையை ஒட்டிய யுனிவர்சிட்டி டிஸ்ட்ரிக்ட். 1920, 30களில் கட்டிய செங்கல் வீடுகள், ட்ராய்க்கு அரை மணி நேரம். மேற்கே ரோஸ்டேல் பார்க், கிழக்கே ஈஸ்ட் இங்கிலிஷ் வில்லேஜ் பார்க்கலாம். கார்க்டவுன் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஃபோர்டு அங்கே பழைய ரயில் நிலையத்தை வாங்கிப் புதுப்பித்த பிறகு வாடகை நம் கைக்கு எட்டாது. ஹேம்ட்ராமெக் நகரத்துக்குள்ளேயே இருக்கும் தனி ஊர், வருமான வரி 1 சதவீதம்தான். வங்காளதேசத்துக்காரர்கள் நிறைய, சனிக்கிழமை மீன் வாங்க நாங்கள் போவது அங்கேதான். வீடுகள் நெருக்கம், கார் நிறுத்த இடம் கிடைக்காது.

பள்ளி வயதில் குழந்தை இருந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. காஸ் டெக் மாதிரி தேர்வெழுதிச் சேரும் உயர்நிலைப் பள்ளிகள் நன்றாக இருக்கின்றன, அதற்குக் கீழே பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். எங்கள் மகளுக்கு வரும் செப்டம்பரில் மழலையர் வகுப்பு. மனைவி மறுபடி ட்ராயில் வீடு பார்க்க ஆரம்பித்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.